ஒரே ஒரு பீஸ்

கோவையிலிருந்து பொள்ளாச்சி ரோட்டில் கிளம்பினால் குறிச்சி சிட்கோ, ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி சிட்கோ, பிறகு கிணத்துக்கடவு. இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். இந்தத் தூரத்துக்குள் இரும்பிலோ அலுமினியத்திலோ செய்து வாங்க முடியாத பொருள் ஒன்றைச் சொல்வது கடினம். லேத், மில்லிங், லேசர் கட்டிங், பெண்டிங், பவுடர் கோட்டிங் என்று எல்லாம் ஜாப் வொர்க்காக நடக்கிற பாதை இது. படத்தைக் கொண்டுபோய் நீட்டினால் பட்டறைக்காரர் முதலில் விலை பேசமாட்டார். “எத்தனை பீஸுங்க?” என்று கேட்பார். ஐந்நூறு என்றால் உட்கார நாற்காலி வரும். ஒன்று என்றால் சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு ஒரே ஒரு பீஸ் செய்து வாங்குகிற பைத்தியங்களின் கலை ஒன்று உண்டு. வீட்டிலேயே மின்னணு இசைக் கன்ட்ரோலர் செய்து இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுப்பது.

மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பெட்டி. மேலே சில குமிழ்கள், சில பொத்தான்கள், ஒருவேளை மேலும் கீழும் தள்ளும் இரண்டு ஃபேடர்கள். பின்னால் ஒரு யுஎஸ்பி வயர். கணினியிலோ போனிலோ செருகிவிட்டால் திரைக்குள் இருக்கிற வயலினையும் டிரம்ஸையும் சிந்தசைசரையும் விரலால் வாசிக்கலாம். இப்படிப்பட்ட பெட்டிகள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. இருந்தும் தம்பிக்கு, மகளுக்கு, கூடப் படித்தவனுக்கு என்று ராத்திரி உட்கார்ந்து ஈயம் வைக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கடைப் பெட்டி யார் கைக்கும் ஒத்துப்போகும்படி செய்யப்படுகிறது. பரிசுப் பெட்டி ஒருவர் கைக்கு அளந்து செய்யப்படுகிறது. அதை ரசிக்கத் தெரிந்தவர் பெட்டியில் முதலில் தேடுவது அந்தக் கையைத்தான்.

இந்தக் கருவிக்குச் சொந்தமாகக் குரல் கிடையாது. வயரைப் பிடுங்கிவிட்டுத் தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் சத்தம்தான் வரும். வண்டிக்காரர் கையிலிருக்கும் மூக்கணாங்கயிறு வண்டியை இழுப்பதில்லை. இழுக்கிற காளைக்கு வழி சொல்கிறது. கன்ட்ரோலரின் வேலையும் அவ்வளவுதான். எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்று ஒலி எழுப்புகிற இன்னொரு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சொல்கிற மொழிக்குப் பெயர் மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரே வயரில் இணைத்து வாசித்துக் காட்டினார்கள். ஒன்று டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் கம்பெனி செய்த புரோபெட்-600, மற்றது இகுதாரோ ககேஹாஷியின் ரோலண்ட் செய்த ஜூபிடர்-6. அதுவரை ஒரு கம்பெனியின் கருவிக்கு இன்னொரு கம்பெனியின் கருவியோடு பேசப் பொதுவான வழியில்லை. போட்டிக்காரர்கள் கூடி ஒரு பொதுமொழியை ஏற்படுத்தியதற்காக இவர்கள் இருவருக்கும் 2013-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

அந்த மொழி ஆச்சரியமான அளவுக்குச் சிக்கனமானது. ஒரு ஸ்வரத்தைத் தொடங்க மூன்றே எண்கள் போதும். 144, 60, 100 என்று அனுப்பினால் “முதல் சானலில், 60-ஆம் ஸ்வரத்தை, 100 என்ற வேகத்தில் அடி” என்று பொருள். ஸ்வரங்களும் வேகமும் 0 முதல் 127 வரை. சானல்கள் 16. பழைய ஐந்து ஊசி மிடி வயரில் நொடிக்கு 31,250 பிட் ஓடுகிறது. மூன்று எண்களும் போய்ச்சேர ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். நாற்பது வருஷத்துக்கு முந்தைய இந்த ஏற்பாடு இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இந்த எளிமை. பிளஸ் டூ படிக்கிற பையன் ஒரு மாலையில் இதைப் புரிந்துகொண்டு, மறுநாள் மாலை ஒரு பொத்தானைக் கம்ப்யூட்டரோடு பேச வைத்துவிடலாம்.

முன்பெல்லாம் அப்படியில்லை. நுண்கணினிப் பலகைகள் பொறியாளர்களின் சொத்தாக இருந்தன. 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் வடிவமைப்பு மாணவர்களுக்காகச் செய்த ஆர்டுயினோ அந்த வேலியைப் பிரித்தது. பிறகு டீன்சி என்ற பலகை வந்தது. 2021 ஜனவரியில் ராஸ்பெரி பை பைக்கோ 4 டாலர் விலையில் வந்தது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. கணினியில் செருகியதும் “நான் ஒரு மிடி கருவி” என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள அதற்குச் சொல்லித்தரலாம். மூளை மலிவான பிறகு கைவேலைக்காரரின் கவனம் முழுக்கத் தோல் பக்கம் போனது. விரல் படுகிற மேற்பரப்புதான் இந்தக் கலையின் அசல் களம்.

குமிழிலிருந்து தொடங்கலாம். ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் வால்யூம் கன்ட்ரோல் என்று சொல்லும் 10 கே பொட்டென்ஷியோமீட்டர்தான் உள்ளே இருப்பது. தண்டின் பருமன் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர். அதன்மேல் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதை விட்டுவிட்டு லேத்தில் ஒரு அலுமினியக் குமிழ் கடைந்து, பக்கவாட்டில் நர்லிங் போட்டு, ஒரு கிரப் ஸ்குரூவால் தண்டில் இறுக்கிப் பாருங்கள். அதே பொட்டென்ஷியோமீட்டர்தான், ஆனால் குமிழின் எடை கூடியதும் சுழற்சியில் ஒரு நிதானம் வந்துவிடும். விரல் அவசரப்படாது. ஒலியை மெல்ல ஏற்றுகிறவருக்கு அந்த நிதானம் பெரிய வரம்.

குமிழில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆர்டுயினோ போன்ற பலகை அதன் நிலையை 0 முதல் 1023 வரை படிக்கும். மிடிக்கு வேண்டியது 0 முதல் 127. எட்டால் வகுத்தால் போயிற்று என்று அவசரக்காரர் நினைப்பார். குமிழ் இரண்டு எண்களுக்கு நடுவே நின்றுவிட்டால், யாரும் தொடாமலே 63, 64, 63, 64 என்று பெட்டி உளறிக்கொண்டே இருக்கும். நல்ல வேலைக்காரர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற கணக்கை நிரலில் எழுதியிருப்பார்: குறிப்பிட்ட அளவுக்குமேல் அசைந்தால் மட்டுமே புது எண்ணை அனுப்பு. வாசிக்கிறவர் கண்ணுக்கு இந்த உழைப்பு தெரியவே தெரியாது. பெட்டி சும்மா இருக்கவேண்டிய நேரத்தில் சும்மா இருக்கிறது என்பதே அதன் அடையாளம்.

பொத்தானிலும் இதே கதை. உலோகத்தகடு உலோகத்தில் மோதும்போது ஒருமுறை தொட்டு நிற்பதில்லை. சில மில்லிசெகண்டுக்குள் பலமுறை துள்ளும். துள்ளலை வடிகட்டாவிட்டால் ஒரு அடிக்கு மூன்று அடி விழும். அதிகமாக வடிகட்டினால் வேகமான உருட்டு விழுங்கப்பட்டுவிடும். விரல் தொடுவதற்கும் ஒலி வருவதற்கும் நடுவே 10 மில்லிசெகண்டுக்கு மேல் போகக்கூடாது, அந்த இடைவெளி ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் கூடிக்குறையவும் கூடாது என்று டேவிட் வெசல், மேத்யூ ரைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் வரையறுத்தார்கள். இரண்டாவது நிபந்தனைதான் முக்கியமானது. தாமதம் நிலையாக இருந்தால் கை பழகிக்கொள்ளும். ஒரு அடிக்குச் சீக்கிரமாகவும் அடுத்த அடிக்குத் தாமதமாகவும் வந்தால் எந்த லயக்காரரும் எழுந்துபோய்விடுவார்.

பொத்தானைத் தேர்ந்தெடுப்பதில் ரசிகர்களுக்குள் கட்சிகள் உண்டு. வீடியோ கேம் மையங்களில் முரட்டு அடி வாங்குவதற்காக ஜப்பானின் சான்வா கம்பெனி செய்யும் 24, 30 மில்லிமீட்டர் வட்டப் பொத்தான்களை ஒரு கட்சி கொண்டாடுகிறது. மெத்தென்ற ரப்பர் பட்டையை இன்னொரு கட்சி. 2006-ல் பிரையன் கிராப்ட்ரீயும் கெல்லி கெய்னும் செய்த மோனோம் என்ற பெட்டி இரண்டாவது கட்சியின் கோயில்: எட்டுக்கு எட்டாக 64 ரப்பர் பொத்தான்கள், எழுத்தோ படமோ எதுவும் கிடையாது. எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதை வாசிக்கிறவரே வகுத்துக்கொள்ள வேண்டும். முதல் மாதிரிக்கு அவர்கள் வைத்த பெயர் 40எச். பதினாறடிமான எண்முறையில் 64-ஐ அப்படித்தான் எழுதவேண்டும்.

அத்தனை பொத்தான்களுக்கும் ஆளுக்கொரு வயர் இழுக்கத் தேவையில்லை. எட்டு வரிசை, எட்டுப் பத்தி என்று பின்னிவிட்டால் 16 வயரில் 64 பொத்தான்களைப் படிக்கலாம். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சின்ன டயோடு போடவேண்டும். இல்லையென்றால் மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தும்போது தொடாத நான்காவதும் பேசும். பெட்டியைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றி அந்த டயோடுகள் ஒரே திசையில், ஒரே உயரத்தில் நிற்பதைப் பார்ப்பது தனிச் சுகம். நெசவு பார்த்து வளர்ந்த கொங்கு நாட்டுக் கண்ணுக்கு அந்தப் பின்னல் சட்டென்று பிடித்துப்போகும்.

ஒருவருக்காகவே கருவி செய்வது மின்னணு இசையின் வரலாற்றில் புதிதல்ல. அதன் மிக அழகான அத்தியாயங்கள் அப்படிப்பட்டவையே.

1911-ல் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் பிறந்த கிளாரா ராக்மோர் சின்ன வயதிலேயே வயலினில் பெயர் வாங்கியவர். இளமையில் கையில் வந்த கோளாறால் வில்லைப் பிடிக்க முடியாமல் போயிற்று. நியூயார்க்கில் அவர் ரஷ்யப் பொறியாளர் லெவ் தெரமினைச் சந்தித்தார். தெரமின் தன் பெயரிலேயே செய்திருந்த கருவியைத் தொடவே வேண்டாம். வலதுகையை ஆன்டெனாவுக்கு அருகில் கொண்டுபோனால் சுருதி ஏறும், இடதுகையால் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். வில்லை இழக்க நேர்ந்த கைக்குக் காற்றே தந்தியாகக் கிடைத்தது. ராக்மோர் கருவியின் குறைகளைச் சொல்லச்சொல்ல, தெரமின் அவருக்கென்றே இன்னொன்றைச் செய்தார். மூன்று ஸ்தாயி எட்டியது ஐந்தாயிற்று. ஒலியைக் கட்டுப்படுத்தும் பக்கம் இன்னும் சுறுசுறுப்பாயிற்று. பெட்டியின் உயரத்தையும் குறைத்தார், சபையோர் வாசிப்பவரை மறைவில்லாமல் பார்க்கட்டும் என்று. ராக்மோரின் 18-ஆவது பிறந்தநாளுக்கு, ஆள் அருகில் வந்தால் தானாகச் சுழன்று ஒளிரும் கேக் ஒன்றையும் தெரமின் செய்து கொடுத்திருக்கிறார். காதலைச் சொல்லத்தான். கல்யாணம் வேறொருவரோடு நடந்தது. கருவி கடைசிவரை ராக்மோரோடு இருந்தது. அவருடைய வாசிப்பை 1977-ல் இசைத்தட்டாகக் கொண்டுவந்தவர் சிந்தசைசருக்குப் பெயர்போன ராபர்ட் மூக்.

மிடி பிறந்த மறுவருஷமே, 1984-ல், ஆம்ஸ்டர்டாமின் மிகேல் வைஸ்விஸ் இரண்டு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் கன்ட்ரோலரைச் செய்துகொண்டார். ‘கைகள்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார். ஒரு கட்டத்தில் அதை மேலும் மேலும் மாற்றுவதை நிறுத்திக்கொண்டு வாசிக்கப் பழகினார் என்பதுதான் அவருடைய பெரிய முடிவு. 1991-ல் லெட்டீசியா சொனாமி பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையில் காந்தமும் சென்சாரும் ஒட்டித் தன் முதல் இசைக்கையுறையைச் செய்தார். பின்னால் வந்த நேர்த்தியான கையுறைகளுக்கெல்லாம் மூத்தது அந்தச் சமையலறைச் சாமான்.

இந்திய இசை இந்தக் கதைக்குள் நுழைவது ஒரு சண்டையோடு. ஆர்மோனியத்தின் கட்டைகள் நிலையானவை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. அதைக் காரணம் காட்டி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அந்தக் கருவியை ஒதுக்கி வைத்தது. ஆர்மோனியத்தைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ரவீந்திரநாத் தாகூரும் ஒருவர். அந்தத் தடைக்கு முன்பே, 1930-களில், அவரும் பிரெஞ்சு இசையறிஞர் அலேன் டானியேலும் விரும்பியபடி, பாரிஸின் மொரீஸ் மார்தெனோ தன் மின்கருவியை இந்திய நுண்சுருதிகளுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். டானியேலு 1950-களில் சென்னை அடையாறு நூலகத்தின் இயக்குநராக இருந்தவர். சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1965-ல் வெளியிட்டவரும் அவரே. ஒரு காதுக்காகக் கருவியின் படியமைப்பையே மாற்றச் சொல்லலாம் என்ற துணிச்சல் அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்தது.

தமிழ்க் காது மின்னணு ஒலிக்குப் பழகிப் பல காலமாயிற்று. 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசையமைத்ததை ஊரே பேசியது. ஆனால் கமகம் என்று வந்துவிட்டால் எந்தக் கருவியையும் இந்தக் காது சும்மா விடாது. கீபோர்டில் கர்நாடக இசை வாசிக்கும் சத்யநாராயணன் சுருதியை வளைக்கிற கட்டுப்பாட்டை ஒரு கையிலும் ஸ்வரங்களை மறு கையிலுமாகப் பிரித்துக்கொண்டு கமகத்தைக் கொண்டுவருகிறார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வேறு வழியில் போனார். நான்கு ஜோடித் தந்திகள் கொண்ட மேல்நாட்டு மாண்டலினை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினை எடுத்துக்கொண்டார். நாதம் நீண்டு நின்றது. ஒற்றைத் தந்தி விரலின் இழுப்புக்கு வளைந்தது. 2014-ல் 45 வயதில் அவர் மறைந்தபோது அந்தக் கருவிக்குக் கச்சேரி மேடையில் கேள்வி கேட்பாரில்லை.

கன்ட்ரோலர் உலகத்தில் இதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்று அமெரிக்காவின் லிப்போல்ட் ஹேக்கன் செய்த கன்டினியம். கட்டைகளே கிடையாது; நியோப்ரீன் ரப்பர் போர்த்திய ஒரே நீண்ட பரப்பு. விரல் இடவலமாக நகர்ந்தால் சுருதி, அழுத்தினால் ஒலி, முன்பின்னாக நகர்ந்தால் நாதத்தின் நிறம். 2009-ல் வந்த ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாட்டில் ஏ.ஆர். ரஹ்மான் இதை வாசித்திருக்கிறார். பாட்டின் கடைசியில் குழைந்து இறங்குகிற அந்தக் குரலைக் கேட்டால், கட்டைகளைத் தூக்கி எறிந்ததன் நியாயம் விளங்கும்.

மிடியிலேயே சுருதியை வளைக்கத் தனிக் கட்டளை உண்டு. மற்றவை பெரும்பாலும் 128 படிகளில் நடக்க, இதற்கு 16,384 படிகள். வடிவமைத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது, காது மற்ற எதையும்விடச் சுருதியில்தான் படிக்கட்டைக் கண்டுபிடிக்கும் என்று. ஆனால் ஒரு சானலுக்கு ஒரு வளைவுதான்; இரண்டு விரல்கள் வெவ்வேறு திசையில் வளைக்க முடியாது. ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சானல் தருகிற எம்பிஇ முறை 2018-ல் அதிகாரபூர்வமாக வந்த பிறகு அந்தக் குறையும் நீங்கியது.

இதையெல்லாம் கிணத்துக்கடவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். சுருதியை வளைக்கிற மிகப் பழைய கன்ட்ரோலர் ஒன்று இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உடுக்கை.

இடை சிறுத்த உடல், இருபுறமும் தோல், நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கயிறு. வலதுகை விரல்கள் தோலைத் தட்டும். இடதுகை இடையைப் பிடித்துக் கயிற்றை நெருக்கும். நெருக்க நெருக்கத் தோல் விறைத்துச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அடி ஒரு கையிலும் சுருதி மறு கையிலுமாகப் பிரிந்த இந்த ஏற்பாட்டைத்தான் கீபோர்டுக்காரர்கள் வளைவுச் சக்கரம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அண்ணன்மார் கதை என்ற பொன்னர் சங்கர் கதை கொங்கில் இரவிரவாக இந்த உடுக்கையோடுதான் பாடப்பட்டு வந்திருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அதைப் பல இரவுகள் ஒலிப்பதிவு செய்தார். அந்தக் கதையைப் பற்றிய அவருடைய புத்தகம் 1982-ல் வந்தது. வீரன் விழும் இடத்தில் உடுக்கை விம்மித் தாழ்வதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கயிற்றை நெருக்குகிற கை எவ்வளவு பேசும் என்று.

ஒரு உடுக்கைக் கலைஞருக்கு அவர் மகளோ பேரனோ கன்ட்ரோலர் செய்து தருவதாக வைத்துக்கொள்வோம். 64 பொத்தான் பெட்டி அவருக்கு எதற்கு? அவர் கைக்குத் தெரிந்த செயல்கள் இரண்டுதான், தட்டுவதும் நெருக்குவதும். தட்டும் பக்கத்துக்கு ஒரு பீசோ வில்லை போதும். சின்ன அலாரங்களில் கீச்சிடுமே, அதே 27 மில்லிமீட்டர் பித்தளை வட்டு. மேலே கெட்டியான ரப்பர். தட்டினால் அது மின்னழுத்தம் தரும். பலத்த அடியில் பலகையைச் சுட்டுவிடக்கூடிய அளவுக்குத் தரும் என்பதால், ஒரு மெகாஓம் ரெசிஸ்டரும் ஒரு ஸீனர் டயோடும் காவலுக்கு வேண்டும். நெருக்கும் பக்கத்துக்கு அழுத்தம் அறியும் சென்சார். அழுத்தாதபோது மெகாஓம் கணக்கில் இருக்கும் தடை, அழுத்த அழுத்தச் சில கிலோஓமுக்கு இறங்கும். அந்த இறக்கத்தைச் சுருதி வளைவாக மாற்றவேண்டும்.

இங்கேதான் கைவேலை கலையாகிறது. சென்சாரின் இறக்கம் நேர்கோட்டில் வராது. முதல் மெல்லிய தொடுதலிலேயே பாதி சுருதி பாய்ந்துவிடும், மீதிப் பாதிக்கு முழு பலமும் வேண்டியிருக்கும். அசல் உடுக்கையின் கயிறு அப்படி நடந்துகொள்வதில்லை. ஆகவே கலைஞரின் கையைக் கேட்டுக் கேட்டு ஒரு வளைகோட்டை எழுதவேண்டும். இவ்வளவு நெருக்கினால் இவ்வளவு ஏற்றம் என்ற அட்டவணை அந்த ஒருவருக்கு மட்டுமே உரியது. இன்னொரு உடுக்கைக்காரரிடம் கொடுத்தால் “என்னமோ மாதிரி இருக்குதுங்க” என்று திருப்பித் தந்துவிடுவார். பரிசு சரியாக அமைந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

அசல் உடுக்கையின் இடத்தை இது பிடித்துக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம். தோலின் ஈரமும் கூட்டத்தின் மூச்சும் சேர்ந்த ஒலியை மூன்று எண்களில் அனுப்ப முடியாது. ஆனால் அதே கையசைவில் ஒரு செல்லோவை விம்ம வைக்கலாம். பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சாதகம் செய்யலாம். கைக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தைக்குப் புதுக் குரல் கிடைக்கிறது.

பெட்டிக்கான பொருளும் இந்த மண்ணிலேயே கிடைக்கிறது. வீணைக்குப் பலா என்பது தஞ்சாவூர்க் கணக்கு. பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கம் காய்ப்பு ஓய்ந்த தென்னையை வெட்டிச் சாய்ப்பது வழக்கம். தென்னையின் நடுத்தண்டு சோறு மாதிரி; வெளிவட்டமோ உளியை மழுக்குகிற அளவுக்குக் கெட்டி. அந்த வெளிவட்டத்தை இழைத்து எண்ணெய் பூசினால் இளம்பழுப்பில் கரும்புள்ளிக் கோடுகள் எழும்பி வரும். பக்கப்பலகைக்கு அது. மேல்தகட்டுக்கு 1.2 மில்லிமீட்டர் அலுமினியம். லேசரில் ஓட்டை போட்ட பிறகு ஒவ்வொரு விளிம்பிலும் பிசிர் எடுத்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்ப்பது ரசிகரின் முதல் பரீட்சை. கடைப் பெட்டியில் கண் பார்க்கும் விளிம்புகள் மட்டும் மழமழவென்று இருக்கும். ஒருவருக்காகச் செய்த பெட்டியில் விரல் போகாத விளிம்பிலும் அரம் போயிருக்கும்.

இந்த ஊருக்கு இது அந்நியமான பழக்கம் இல்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, 1937-ல் பாலசுந்தரம் என்பவரோடு சேர்ந்து நாட்டின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் செய்தார். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே செய்ய முடியும் என்று 1941-ல் அறிவித்தவரும் அவரே. பிரித்துப் பார், நாமே செய்வோம் என்கிற பழக்கம் அன்றிலிருந்து இங்கே கைமாறி வருகிறது. மோட்டாரும் பம்ப்செட்டும் வெட்கிரைண்டரும் அந்தப் பழக்கத்தில் பிறந்தவை. அவையெல்லாம் ஆயிரக்கணக்கில் விற்கச் செய்தவை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பரிசுக் கன்ட்ரோலர்களில் அதிகம் பார்க்கக் கிடைக்கும் குற்றம், செய்தவரின் சாமர்த்தியம் பெட்டி முழுக்கத் தெரிவது. வானவில் விளக்குகள், நாற்பது குமிழ்கள், சின்னத் திரையில் ஓடும் பெயர். வாங்குகிறவர் பத்து நிமிஷம் வியப்பார். பதினோராவது நிமிஷம் எந்தக் குமிழ் எதற்கு என்று மறந்துபோகும். எட்டுக் குமிழ்களுக்கு மேல் மனதில் தங்குவது கஷ்டம். அவற்றிலும் அடிக்கடி தொடுவது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். இடதுகைக்காரருக்கு வலதுகைப் பெட்டி செய்து கொடுத்துவிட்டு எவ்வளவு பளபளப்பு ஏற்றினாலும் பயனில்லை.

இரண்டாவது குற்றம் பசை. பாகங்களைச் சூட்டுப்பசையால் ஒட்டி மூடிவிட்ட பெட்டி, முதல் வயர் அறுந்த அன்றைக்குக் குப்பைக்குப் போகும். ஸ்குரூ போட்ட மூடி, உள்ளே மடித்து வைத்த சுற்றுப்படம், எங்கும் கிடைக்கிற யுஎஸ்பி வயர், மாற்றுப் பொத்தான்கள் இரண்டு, நிரலில் எந்த வரி எதற்கு என்று தமிழிலேயே எழுதிய குறிப்பு: இவையும் சேர்ந்ததுதான் பரிசு. கொடுத்தவர் வெளியூர் போய்விட்டாலும் பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் அதைத் திறந்து சரிசெய்ய வேண்டும். ச, ரி, க, ம என்று தகட்டில் லேசரில் பொறித்துக் கொடுப்பது அழகுதான். வாசிக்கிறவர் ஆட்சேபிக்காவிட்டால் மட்டும்.

இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் மின்னணுவியல் படிக்கிறவர்கள் கடைசி வருஷத்தில் ஒரு புராஜெக்ட் செய்தே ஆகவேண்டும். மார்க் வாங்கியதும் பெரும்பாலானவை பரணுக்குப் போகின்றன. அடுத்த வருஷம் யாராவது அந்த உழைப்பை ஒரு உடுக்கைக் கலைஞருக்கோ, உருமிக்காரருக்கோ, வீட்டில் கீபோர்டு கற்கும் தங்கைக்கோ ஒரே ஒரு பீஸாகச் செய்து பார்க்கலாம். பாகம் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவர் வாசிக்கும்போது அரைமணி நேரம் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பாருங்கள். எந்த விரல் அதிகம் உழைக்கிறது, எந்த விரல் சும்மா காத்திருக்கிறது, கட்டைவிரல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பலகையும் சென்சாரும் கோவையில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். அந்த அளவு அவரிடம் மட்டும்தான் கிடைக்கும்.